டீம் இருக்கிறது, பாஸ் போகவில்லை: கால்பந்து அணியில் உறவுக் கோளாறை அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

கிருஷ்ணகிரிப் பக்கம் பல வருடமாக ஒரு கால்பந்து டீமைப் பார்த்துக்கொள்கிறேன். பிளஸ் டூ பையன்கள், காலேஜ் பையன்கள், ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் பார்ப்பவர்கள் எல்லாம் கலந்த டீம். வருடத்துக்கு ஒரு தடவையாவது அதே கோளாறு வந்துவிடும். ஆள் இருக்கிறார்கள், ஆட்டமும் இருக்கிறது, ஜெயிக்க மட்டும் முடியாது. காரணம் கேட்டால் எல்லோரும் ஒரே பதில்தான்: "ஒற்றுமை இல்லைண்ணா."

அந்தப் பதிலை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. பைக் ஓடவில்லை என்று மட்டும் சொன்னால் மெக்கானிக் எங்கே கை வைப்பார்? எப்போது நிற்கிறது, எந்த கியரில் சத்தம் வருகிறது என்று கேட்பார் இல்லையா, அதே மாதிரி இதையும் கேட்க வேண்டும். கிளறிப் பார்த்த பல தடவை அடியில் கிடைத்தது பஸ் நேரமோ, சொல்லாமல் விட்ட ஐந்நூறு ரூபாய்க் கணக்கோதான். சில தடவை அதைவிடக் கனமான விஷயமும் இருந்தது.

பர்கூர், ராயக்கோட்டை, தர்மபுரி பக்கம் டீம் வைத்திருக்கும் நண்பர்கள் இதையே திரும்பத் திரும்பக் கேட்பதால் எழுதி வைக்கிறேன். உங்கள் டீமில் தெரியும் அறிகுறிக்கு நேராகப் போங்கள். சுலபமான காரணம் முதலில், கஷ்டமானது கடைசியில்.

## எதையும் தொடுவதற்கு முன் ஒரு சோதனை

சண்டை எந்த நிமிடத்தில் வருகிறது என்று மூன்று மேட்ச்சுக்கு எழுதுங்கள். கடைசி 20 நிமிடத்தில் மட்டும் வந்தால் அது மூச்சுப் பிரச்சினை. கால் ஓயும்போது வாய் நீளும். மூன்று வாரம் ஓட வைத்துவிட்டு மறுபடி பாருங்கள். பாதி டீம்களுக்கு இதிலேயே வேலை முடிந்துவிடும்.

இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பையன்கள் எல்லோரும் நண்பர்களாக இருந்தே ஆக வேண்டும் என்று இல்லை. 1999-இல் மான்செஸ்டர் யுனைடெட் ஒரே சீசனில் மூன்று பெரிய கோப்பைகளை ஜெயித்தது. அந்த டீமின் ஃபார்வர்டுகளான ஆண்டி கோலும் டெடி ஷெரிங்கமும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளவே மாட்டார்கள். ஆனால் பால், அதாவது பந்து, தேவைப்பட்ட இடத்துக்குப் போனது. பேசாதவர்களைப் பேச வைக்க ஒரு மாதம் செலவழித்துத் தோற்றுப்போன அனுபவம் எனக்கு உண்டு. பால் போகிறதா என்று மட்டும் பாருங்கள்.

## அறிகுறி 1: ஒருவனுக்கு மட்டும் பால் போவதில்லை

அதிகம் வருவதும் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். அதனால் இங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

சோதனை: வெளியே உட்கார்ந்திருக்கும் எக்ஸ்ட்ரா பிளேயர் ஒருவனிடம் நோட்டும் பேனாவும் கொடுங்கள். 20 நிமிடம் அந்த ஒரு பையனை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். எத்தனை தடவை பால் கேட்டான், எத்தனை தடவை கிடைத்தது, யாரிடமிருந்து கிடைத்தது என்று மூன்று கோடு போட்டு எழுதட்டும். பையன் பெயரை யாருக்கும் சொல்ல வேண்டாம்.

இரண்டு தடவைதான் கேட்டிருக்கிறான் என்றால்: பால் வராததற்குக் காரணம் அவன் கேட்காததுதான். பெரும்பாலும் புதுப் பையன், வயதில் சின்னவன், அண்ணன்மாரிடம் கத்திக் கேட்கக் கூச்சம். அவனை நடு மிட்ஃபீல்டில் ஒரு வாரம் விளையாட வையுங்கள். அங்கே நின்றால் வாய் திறந்துதான் ஆக வேண்டும்.

பத்து தடவை கேட்டு, யாருமே தரவில்லை என்றால்: எதிர் டிஃபெண்டரின் முதுகுக்குப் பின்னால் நின்று கேட்கிறானா என்று பாருங்கள். பால் வைத்திருப்பவன் கண்ணுக்கு அவன் தெரியவே மாட்டான். அல்லது முதல் தொடுதலிலேயே பால் இரண்டு மீட்டர் தள்ளிப் போகிறதா? அப்படியானால் டீம் அவனை ஒதுக்கவில்லை, நம்பவில்லை. சுவரில் அடித்து வாங்கும் பயிற்சி தினம் 15 நிமிடம் கொடுங்கள். நம்பிக்கை பின்னாலேயே வரும்.

பத்து தடவை கேட்டு, குறிப்பிட்ட இரண்டு மூன்று பேர் மட்டும் தரவில்லை என்றால்: இப்போதுதான் உறவு பக்கம் வருகிறோம். அதிலும் முதலில் மொழியைப் பாருங்கள்.

எங்கள் மாவட்டத்தில் இது பெரிய விஷயம். ஒரே டீமில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நான்கும் இருக்கும். அவசரத்தில் எல்லோருக்கும் வீட்டு மொழிதான் வாயில் வரும். பின்னால் ஆள் வருகிறான் என்று ஒருவன் கன்னடத்தில் கத்துவான், முன்னால் இருப்பவன் காதில் அது வெறும் சத்தமாக விழும். இரண்டு தடவை பால் பறிபோனால் "அவனுங்களுக்குள்ளதான் சொல்லிக்குவானுங்க" என்று பேச்சு கிளம்பிவிடும். நாங்கள் ஏழு வார்த்தைகளை முடிவு செய்தோம்: ஆள், டைம், திரும்பு, விடு, என்னுது, ஏறு, இறங்கு. கிரவுண்டில் வேறு எந்த வார்த்தையும் கிடையாது. இரண்டு வாரத்தில் பாஸ் எண்ணிக்கை மாறியது கண்ணுக்கே தெரிந்தது. 1962-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தென்கொரியாவை 2-1 என்று வென்று தங்கம் வாங்கிய இந்திய டீமை நினைத்துக்கொள்வேன். வங்காளத்து சுனி கோஸ்வாமி கேப்டன். பஞ்சாபி ஜர்னைல் சிங், செகந்திராபாத் துளசிதாஸ் பலராம், கோலில் பீட்டர் தங்கராஜ். வீட்டில் ஆளுக்கொரு மொழி பேசியவர்களை ஒரே ஆட்டம் ஆட வைத்தார் கோச் சையத் அப்துல் ரஹீம். தலையில் அடிபட்டிருந்த டிஃபெண்டர் ஜர்னைல் சிங்கை அந்த ஃபைனலில் ஃபார்வர்டாக இறக்கினார், அவரும் கோல் போட்டார்.

மொழி இல்லை என்றால் இரண்டு-தொடுதல் சோதனை: அந்தப் பையனையும் பாஸ் தராதவர்களையும் ஒரே பக்கம் போட்டு, ஒருவர் இரண்டு தடவைக்கு மேல் பாலைத் தொடக் கூடாது என்று சின்ன ஆட்டம் வையுங்கள். யோசிக்க நேரம் இல்லாதபோது பால் அவனுக்குப் போய், சாதாரண ஆட்டத்தில் போகவில்லை என்றால் தெரிந்தே தரவில்லை என்று அர்த்தம்.

அப்போது மூவரையும் ஒன்றாக உட்கார வைத்து விசாரிக்காதீர்கள். தனித்தனியாக, நடந்துகொண்டே கேளுங்கள். பெரும்பாலும் பழைய விஷயம்தான் வரும்: போன வருடம் பெனால்டியைப் பிடுங்கி அடித்தான், கடன் வாங்கிய ஸ்டட்ஸை (கால்பந்து ஷூ) கிழித்துத் தந்தான். சின்னதாகத் தெரியும், அவர்களுக்குச் சின்னது இல்லை. கிழிந்த ஸ்டட்ஸுக்கு டீம் பணத்தில் புதுசு வாங்கிக் கொடுத்து ஒரு வருடப் பகையை ஒரே நாளில் முடித்திருக்கிறேன்.

கடைசிக் காரணம்: தெருவும் சாதியும். இதை எழுதாமல் விட்டால் இந்தப் பக்கத்து டீம்களைப் பற்றி நான் நேர்மையாக எழுதவில்லை என்று ஆகும். தண்ணீர் பாட்டிலைப் பாருங்கள். இடைவேளையில் யார் பாட்டிலை யார் வாங்கிக் குடிக்கிறார்கள், யார் பாட்டிலை யாரும் தொடுவதில்லை என்று கவனியுங்கள். பாஸ் வரைபடமும் பாட்டில் வரைபடமும் ஒன்றாக இருந்தால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது. பாட்டில்களைத் தூக்கிவிட்டு ஒரே கேனும் நாலு டம்ளரும் வைத்தேன். சாதியைச் சொல்லித் திட்டியவனை அன்றே வெளியே அனுப்பினேன். அந்த வருடம் அதிகக் கோல் போட்டவன் அவன்தான். அவன் இல்லாமல் அரையிறுதியில் தோற்றோம். மறுபடி அப்படி நடந்தாலும் அதையேதான் செய்வேன்.

எப்போது வெளியே கேட்க வேண்டும்: மிரட்டல், அடிதடி, கிரவுண்டுக்கு வெளியே வழிமறிப்பது என்று போனால் கோச் சமாதானம் பேசி மூடி மறைக்கக் கூடாது. பட்டியல் சாதி, பழங்குடிப் பையனைப் பொது இடத்தில் சாதியைச் சொல்லி இழிவுபடுத்துவது 1989-ஆம் வருட வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். பெற்றோர், பள்ளிப் பையன் என்றால் தலைமை ஆசிரியர், தேவைப்பட்டால் காவல் நிலையம். பாதிக்கப்பட்ட பையனும் அவன் வீட்டாரும் எடுக்கும் முடிவுக்குத் துணையாக நில்லுங்கள்.

## அறிகுறி 2: கோல் வாங்கியதும் ஒருவர் மேல் ஒருவர் பாய்வது

2005 ஏப்ரலில் ஆஸ்டன் வில்லாவோடு நடந்த மேட்ச்சில் இங்கிலாந்து கிளப் நியூகாஸில் 3-0 என்று பின்தங்கி, ஒரு ஆளும் ஏற்கெனவே ரெட் கார்டு வாங்கிப் போயிருந்த நேரத்தில், அதே டீமின் லீ போயரும் கீரன் டயரும் நடு மைதானத்தில் அடித்துக்கொண்டார்கள். பாஸ் தரவில்லை என்பதில் ஆரம்பித்த பேச்சு. இருவருக்கும் ரெட் கார்டு. எட்டுப் பேரோடு ஆட்டம் முடிந்தது. அறிகுறி ஒன்றைக் கவனிக்காமல் விட்டால் இங்கேதான் வந்து நிற்கும்.

முதல் காரணம், வேலை பிரித்துக் கொடுக்காதது. கார்னரில் இருந்து வரும் பால் யாருடையது? கீப்பரா, ஸ்டாப்பரா (நடு டிஃபெண்டர்)? இருவரையும் தனித்தனியாகக் கேளுங்கள். இரண்டு பதில் வந்தால் கோளாறு உங்களுடையது. கோல் ஏரியாவுக்குள் வரும் உயரப் பால் கீப்பருக்கு, "என்னுது" என்று கத்தினால் மற்றவர்கள் விலக வேண்டும் என்று எழுதியே கொடுங்கள்.

அடுத்தது, கோட்டுக்கு வெளியே இருந்து வரும் சத்தம். அப்பா, அண்ணன், பழைய பிளேயர்கள். "அவனுக்கு ஏன்டா குடுக்கற" என்று வெளியே இருந்து ஒரு குரல் வந்தால் உள்ளே இரண்டு பேர் முகம் மாறுவதைப் பார்க்கலாம். மேட்ச்சைச் செல்போனில் எடுத்து, படத்தைப் பார்க்காமல் சத்தத்தை மட்டும் கேளுங்கள். யார் குரல் எத்தனை தடவை வருகிறது என்று தெரிந்துவிடும். அதில் அதிகம் கேட்டது என் குரலாகவே இருந்த ஒரு மேட்ச் உண்டு. அன்றிலிருந்து, கோல் விழுந்ததும் ஒரு நிமிடம் வாய் திறக்க மாட்டேன் என்று வைத்துக்கொண்டேன்.

மூன்றாவது, தப்பான கேப்டன். நன்றாக விளையாடுபவனுக்கும் வயதில் மூத்தவனுக்கும் பட்டையைக் கட்டிவிடுவது நம் வழக்கம். கோல் விழுந்த முதல் பத்து வினாடியில் யார் முகத்தை மற்றவர்கள் பார்க்கிறார்கள் என்று கவனியுங்கள். அவன்தான் கேப்டன், நீங்கள் பட்டையைக் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும். 2021 ஜூனில் நடந்த யூரோ போட்டியில் டென்மார்க்கின் கிறிஸ்டியன் எரிக்சன் மைதானத்தில் இதயம் நின்று விழுந்தபோது கேப்டன் சிமோன் கியர் அவரிடம் ஓடினார். டீம் சுற்றி நின்று கேமராக்களிடமிருந்து எரிக்சனை மறைத்தது. அப்புறம் எரிக்சனின் துணைவியைப் போய்த் தேற்றியவர்களில் கியரும் ஒருவர். அந்த மேட்ச்சிலும் அடுத்ததிலும் தோற்ற டீம் அரையிறுதி வரை போனது. அந்த மாதிரி ஒருவன் உங்களிடம் ரைட் பேக்காகப் பேசாமல் நின்றுகொண்டிருக்கலாம்.

எங்கள் வழக்கம் இது: கோல் விழுந்தால் வலையிலிருந்து பாலை எடுத்து வருவது கேப்டன். அவனும் கீப்பரும் மட்டும் பேசலாம். மற்றவர்கள் சொல்ல நினைப்பதை இடைவேளையில் சொல்லலாம். அதற்குள் பாதிக் கோபம் ஆறிவிடும்.

கை நீட்டிவிட்டால் இதெல்லாம் செல்லாது. இருவருக்கும் இரண்டு மேட்ச் கிடையாது, ஆனால் பிராக்டீஸுக்கு வந்தாக வேண்டும்.

## அறிகுறி 3: மேட்ச்சுக்கு வருகிறார்கள், பிராக்டீஸுக்கு வருவதில்லை

திட்டுவதற்கு முன் இரண்டு வாரம் வருகைப் பதிவு எழுதுங்கள். வந்தானா என்பதோடு ஏன் வரவில்லை என்றும் ஒரு கட்டம் போடுங்கள். எங்களுக்கு வந்த காரணங்கள்: பி ஷிப்ட், ராத்திரி ஷிப்ட் முடிந்த தூக்கம், கடைசி டவுன் பஸ், மாங்காய் சீசனில் தோட்டத்திலும் மாங்கூழ் ஆலையிலும் வேலை. இவற்றில் எதுவும் துரோகம் இல்லை. ஆனால் தினமும் ஒழுங்காக வருகிறவனுக்கு இது தெரியாது. அவன் பார்வையில் இவன் ஏமாற்றுகிறான். சுவரில் ஒட்டிய அந்தத் தாளைப் பார்த்தபோதுதான் பாதிப் பேருக்கு மற்றவன் எந்த வேலையில் இருக்கிறான் என்றே தெரிந்தது.

மே, ஜூனில் பெரிய டோர்னமென்ட் எதற்கும் பெயர் கொடுக்காதீர்கள், தோட்டம் வைத்திருக்கும் பையன்கள் வர மாட்டார்கள். ஷிப்ட்காரர்களுக்கு வாரம் ஒரு பிராக்டீஸ், மற்றவர்களுக்கு மூன்று என்று வெளிப்படையாகவே சொல்லிவிடுங்கள். ஞாயிறு காலை எல்லோரும்.

வேலையும் இல்லை, வீடும் பக்கத்தில்தான், ஆனாலும் வரவில்லை என்றால் அவன் வரும் நாட்களைப் பாருங்கள். யார் இல்லாத நாளில் வருகிறான்? பதில் அங்கே இருக்கும். அறிகுறி ஒன்றுக்குத் திரும்பிப் போங்கள்.

காரணமே இல்லாமல் வராத நல்ல பிளேயர் என்றால் வெளியே உட்கார வையுங்கள். இந்த விதியைச் சுமார் பிளேயரிடம் தொடங்கினால் டீமே சிரிக்கும். முதல் நாள் உங்கள் சிறந்த ஃபார்வர்டிடம் தொடங்குங்கள்.

## அறிகுறி 4: கப்பு ஜெயித்த பிறகு டீம் உடைகிறது

தோற்கும்போது சேர்ந்தே இருந்தவர்கள் ஜெயித்ததும் பிரிந்தால் அது அநேகமாகப் பணம்.

சோதனை: மூன்று பையன்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டு, பரிசுப் பணம் எவ்வளவு வந்தது, இப்போது எவ்வளவு இருக்கிறது என்று கேளுங்கள். மூன்று பதில் வந்தால் அதுதான் கோளாறு. யாரும் திருடியிருக்கத் தேவையில்லை, கணக்கு தெரியாததே போதும். மேட்ச் அன்று ராத்திரியே வரவு, என்ட்ரி ஃபீஸ், வண்டி வாடகை, சாப்பாடு எல்லாம் எழுதிய தாளைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போடுங்கள். பங்கு பிரிப்பதாக இருந்தால் வெளியே உட்கார்ந்திருந்தவனுக்கும் அதே பங்கு.

அடுத்த காரணம் கெஸ்ட் பிளேயர். வெளியூரிலிருந்து காசு கொடுத்துக் கூட்டி வருகிறோம், அவன் கோல் போடுகிறான், கப்பு வருகிறது. வருடம் முழுக்க அந்த இடத்துக்காக ஓடியவன் வெளியே நின்று கை தட்டுகிறான். அடுத்த மாதம் அவன் வரமாட்டான், கூட இரண்டு நண்பர்களும் வரமாட்டார்கள். என் கருத்து கடுமையானதுதான்: சொந்த ஆள் இருக்கும் இடத்துக்குக் கெஸ்ட் வேண்டாம். கீப்பருக்குக் காயம், வேறு கீப்பர் இல்லை என்றால் கூட்டி வாருங்கள், எவ்வளவு கொடுக்கிறோம் என்பதை முன்பே எல்லோருக்கும் சொல்லிவிட்டு.

கோல் போட்டவனுக்கே பரிசு, அவனுக்கே மாலை என்று இருந்தால் டிஃபென்ஸ் மெதுவாகக் கசந்து போகும். 2015-இல் இங்கிலாந்து கிளப் லெஸ்டர் சிட்டியின் கோச் கிளாடியோ ரானியேரி, கோல் வாங்காமல் ஆடினால் பீட்சா என்று சொன்னார். கிரிஸ்டல் பேலஸை 1-0 என்று ஜெயித்த பிறகு கூட்டிப் போய், பீட்சாவை அவர்களையே செய்ய வைத்தார். அந்த சீசனில் அவர்கள் லீக்கையே ஜெயித்தார்கள். எங்களிடம் கோல் வாங்காத மேட்ச்சுக்கு எல்லோருக்கும் புரோட்டா. முதல் தட்டு கீப்பருக்கு.

பணம் நிஜமாகவே குறைகிறது, பொறுப்பில் இருப்பவர் தாள் காட்ட மறுக்கிறார் என்றால் நீங்கள் விசாரணை நடத்தாதீர்கள். இரண்டு பக்கமும் மதிக்கும் பழைய பிளேயர் ஒருவரிடம் நோட்டைக் கொடுங்கள். பதிவு செய்த கிளப் என்றால் தணிக்கையாளரிடம்.

## அறிகுறி 5: கோச் சொன்னால் யாரும் கேட்பதில்லை

2010 உலகக்கோப்பையில் கோச்சோடு மோதிய நிக்கோலா அனெல்காவை வீட்டுக்கு அனுப்பியதும், பிரான்ஸ் பிளேயர்கள் பிராக்டீஸ் செய்ய மறுத்துப் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். மூன்று மேட்ச்சில் ஒரே புள்ளி, குரூப்பில் கடைசி இடம். பஸ்ஸில் ஏறும் நாள் வரைக்கும் காத்திருக்காதீர்கள்.

உங்கள் நோட்டில் கடைசி ஆறு தண்டனைகளைப் பாருங்கள். ஒரே தப்புக்கு இருவருக்கு வேறு வேறு தண்டனை கொடுத்திருக்கிறீர்களா? உங்கள் சொந்தக்காரப் பையன் டீமில் இருக்கிறானா? இருந்தால் அவன் விஷயத்தில் முடிவெடுக்க இன்னொருவரை வையுங்கள்.

அதில் ஒன்றும் தெரியவில்லை என்றால் வேறு கோச் ஒருவரை ஒரு வாரம் நடத்தச் சொல்லுங்கள். மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் கேட்டால் பயிற்சியாளரைப் பற்றி வழி சொல்வார்கள். அவரிடம் டீம் நன்றாக ஆடினால் வலிக்கும். ஆனாலும் அவர் என்ன செய்தார் என்று கோட்டுக்கு வெளியே நின்று எழுதிக்கொள்ளுங்கள்.

## அறிகுறி 6: நன்றாக இருந்தவன் அடங்கிப் போகிறான்

சண்டை இல்லை, புகார் இல்லை. பேச்சு குறைகிறது, சாப்பிடாமல் போகிறான், பால் வந்தால்கூட ஓடுவதில்லை, ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே பத்து நிமிடம் உட்கார்ந்திருக்கிறான்.

காயத்தை மறைக்கிறானா என்று முதலில் பாருங்கள். இடம் போய்விடும் என்ற பயத்தில் முழங்கால் வலியைச் சொல்லாத பையன்கள் நிறைய. பிசியோவிடம் அனுப்புங்கள், குணமானதும் அவன் இடம் அவனுக்குத்தான் என்று சொல்லி அனுப்புங்கள்.

காயம் இல்லை என்றால் டீமுக்குள் யாராவது கிண்டல் செய்கிறார்களா? கிரவுண்டில் தெரியாது, வாட்ஸ்அப்பில் நடக்கும். நீங்கள் இல்லாத இன்னொரு குரூப் நிச்சயம் இருக்கும். கேப்டனிடம் கேளுங்கள்.

அதுவும் இல்லை என்றால் வீடு, வேலை, காதல், கடன், எதுவாகவும் இருக்கலாம். இங்கே கோச்சின் வேலை குறைவு, ஆனால் தள்ளிப் போடக் கூடாதது. தனியாகக் கூப்பிட்டு "என்னப்பா, தூங்குறியா, சாப்பிடுறியா?" என்று கேளுங்கள். அறிவுரை வேண்டாம். இரண்டு வாரமாகத் தூக்கம் இல்லை, வாழ்ந்து என்ன பயன் என்கிற மாதிரி பேச்சு வருகிறது என்றால் அன்றே அவன் வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்கள். அவனைத் தனியாக விடாதீர்கள். டெலி மனஸ் என்கிற அரசு மனநல உதவி எண் 14416-க்குக் கூடவே உட்கார்ந்து போன் செய்யுங்கள், தமிழிலேயே பேசலாம். கிருஷ்ணகிரியிலும் தர்மபுரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். 18 வயதுக்குள் இருக்கும் பையனை யாராவது துன்புறுத்துகிறார்கள் என்றால் குழந்தைகள் உதவி எண் 1098.

டீமில் என்ன சொல்வது என்று கேட்பார்கள். உடம்பு சரியில்லை, வருவான் என்று மட்டும் சொல்லுங்கள். திரும்பி வரும்வரை அவன் ஜெர்சி நம்பரை வேறு யாருக்கும் கொடுக்காதீர்கள்.